பாதிக்குப் பாதி

1

இந்தக் கதையில் நோய்தான் முதலில் வந்தது, ஆள் பிறகுதான் வந்தாள். மூளையின் சின்னஞ்சிறு ரத்தக்குழாய்களைக் கெடுக்கும் ஒரு பரம்பரை நோயைப் பற்றிப் படித்துவிட்டு, அதை யார் தலையில் கட்டலாம் என்று ஆள் தேடினேன். எழுதுகிறவர்களை ரொம்ப நல்லவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'மழை விடாமல் பெய்த ஒரு மாலையில், செருப்புக் கடையில் நின்றிருந்த அவள் தன் விதியை நினைத்து—'

வேண்டாம். வேலை நேரத்தில் யார் விதியை நினைக்கிறார்கள்? அவள் அப்போது முக்காலியில் உட்கார்ந்து, ஒரு பெரியவரின் காலுக்கு எட்டாம் நம்பர் சேராது, ஒன்பதுதான் சேரும் என்று நயமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே மகள், கல்யாணமானவள். தம்பி ஒருவன் உண்டு, பஸ் ஓட்டுபவன். போன மாதம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவனுக்கு இடது கை விழுந்துவிட்டது.

3

அந்த வீட்டு ஆண்கள் ஐம்பதைத் தாண்டுவதற்குள் படுக்கையில் விழுந்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. தாத்தாவுக்குச் சிகரெட், அப்பாவுக்குக் கோபம், தம்பிக்குத் தூக்கம் கெட்டது. பெண்களுக்கு வெறும் தலைவலி, கண்ணுக்குள் வெளிச்சம் நெளிந்துவிட்டு வருகிற தலைவலி. 'வீட்டுச் சொத்து' என்று அதற்குப் பெயர் வைத்து, வருகிற மாப்பிள்ளைகளிடம் கிண்டலாகச் சொல்லி வைப்பார்கள். அவளுக்கும் அது உண்டு. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தம்பியைப் பார்த்த டாக்டரம்மாதான் போட்டு உடைத்தார். ஒரே மரபணுவில் ஒரே ஒரு மாற்றம். பெற்றவர்களில் ஒருவரிடம் இருந்தால் போதும், பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் என்ற பாகுபாடெல்லாம் அதற்குக் கிடையாது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள ஒரு புரதம் அந்த மரபணு சொல்லித்தான் உருவாகிறது. அதன் ஒவ்வொரு மடிப்பிலும் ஆறு கொக்கிகள், இரண்டிரண்டாக மாட்டிக்கொள்ளும். மரபணு மாறினால் ஆறு ஐந்தாகிவிடும், அல்லது ஏழாகும். தனித்துப்போன கொக்கி கண்டதோடு மாட்டிக்கொள்ள, சுவரில் கசடு சேர்கிறது. ஜோடி தவறிய செருப்பை வைத்து இதை விளக்கிவிடலாம் என்று துள்ளினேன். அவள் விடவில்லை. "ஜோடி தவறினா நாங்க கம்பெனிக்குத் திருப்பிடுவோம். இதை யாருக்குங்க திருப்புறது?"]

4

மகளுக்கு உடனே சோதித்துப் பார்த்துவிட வேண்டும், குழந்தை பெற்றுக்கொள்ளும் யோசனையில் இருக்கிறாள். அம்மாவுக்குத் தெரிந்துகொள்ளவே வேண்டாம். குணமாக்க மருந்தில்லாத ஒன்றைத் தெரிந்துகொண்டு தினமும் அதோடு குடித்தனம் நடத்தவா என்கிறாள். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மகளிடம் அது இருந்தால் அம்மா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஒருத்தி ரத்தம் கொடுத்தால் இருவருக்கும் பதில் வந்துவிடலாம்.

சில நாள் இந்த இழுபறி நடந்தது. பிறகு அம்மாதான் இறங்கி வந்தாள்.

"நீ பாத்துக்கோ. என்ன வந்தாலும் எங்கிட்ட சொல்லாத."

"நான் சொல்ல மாட்டேம்மா. என் மூஞ்சி சொல்லிடுமே."

5

முதல் முடிவு: மகளுக்கு இல்லை. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். [சரிப்படாது. மகளுக்கு இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு இருக்கலாம்.]

இரண்டாவது முடிவு: இருக்கிறது. மகள் கண்ணாடி முன்னால் சிரித்துப் பழகிக்கொண்டு வருகிறாள், அம்மாவும் ஏமாந்தவள் போல—

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அவள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டியவன் நான்தான். ஆனால் சொல்லாதே என்று அவள் கேட்டது என்னையும் சேர்த்துத்தான் என்று படுகிறது. அதனால் முடிவு செய்யவில்லை.

மகள் மருத்துவமனையிலிருந்து நேரே கடைக்கு வந்து வாசலில் நிற்கிறாள். அம்மா குனிந்து யாரோ ஒருவர் காலில் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருக்கிறாள். வாசலில் நிற்கும் கால்கள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியும். வாரை மாட்டி முடித்துவிட்டாள். மறுபடி கழற்றி, ஒரு துளை தள்ளி மாட்டுகிறாள்.

நிமிர்ந்து பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்வதானால் சொல்லுங்கள்.