ஒத்தனின் வயிறு

வெட்டி எடுக்கிற வயிற்றை என்ன செய்வீர்கள் என்று கல்யாணராமன் கேட்டதும் டாக்டர் ஜெஸ்லின் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். வலிக்குமா, தழும்பு தெரியுமா, கல்யாணச் சாப்பாடு இனிமேல் உண்டா இல்லையா. வெட்டியது எங்கே போகிறது என்று இதுவரை ஒருவரும் கவலைப்பட்டதில்லை. பரிசோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்பிவிடுவோம் என்றார்.

"எரிச்சுடுவேளா" என்று கல்யாணராமன் தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

மேஜைமேல் ரப்பரில் செய்த இரண்டு இரைப்பைகள் இருந்தன. முதலாவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள், மிச்சம் ஒரு வாழைக்காய் பருமனுக்கு நிற்கும். பசியைக் கிளப்பிவிடுகிற சுரப்பு பெரும்பாலும் வெட்டுகிற பகுதியில்தான் ஊறுகிறது, அதனால் பசியும் அடங்கும். இரண்டாவது பைபாஸ். மேலே முட்டையளவு ஒரு பையைப் பிரித்து, அதை நேரே குடலோடு சேர்த்துவிடுவார்கள். பழைய இரைப்பையைத் தொடுவதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும், சோறு மட்டும் அந்தப் பக்கம் போகாது.

கல்யாணராமனின் எடை நூற்று நாற்பத்தாறு கிலோ. சர்க்கரை மருந்துக்குக் கட்டுப்படவில்லை. நெஞ்செரிச்சல் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, தூங்கும்போது மூச்சு நின்று நின்று வந்தது. இப்படியே விட்டால் ஒருநாள் நின்றது நின்றதுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் அவ்வளவு உசிதமில்லை, பைபாஸ்தான் நல்லது, ஆனாலும் முடிவு அவருடையது, திங்கட்கிழமை வந்து சொன்னால் போதும் என்றார்.

"அந்தப் பழைய வயிறு உசிரோட இருக்குமோ?"

"இருக்கும் சார். ரத்த ஓட்டம் உண்டு, நீர் சுரக்கும். சாப்பாடு வராது, அவ்வளவுதான். பயப்படாண்டாம்."

"பின்னால எப்பவாவது திறக்கலாமோ?"

வேண்டிவந்தால் திருப்பிச் சேர்க்கலாம், ஆனால் சாதாரணமாக யாரும் செய்வதில்லை, ஆபத்து கூடுதல் என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாலாம்பாள் புருஷனின் முழங்கையை இடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஸ்ரீவராகம் அக்ரகாரத்தில் கல்யாணராமனைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்கள் யாரும் காலை வேளையில் அவர் எதிரே வந்தால் நிமிர்ந்து பார்ப்பதும் கிடையாது. காரணம், அவர் ஒத்தன் இருக்கிறவர். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினோராம் நாள் ஓர் ஆளை இலைக்கு முன்னால் உட்கார்த்துவார்கள். அன்றைக்கு அவர்தான் செத்தவர். அவர் சாப்பிடுவது செத்தவர் சாப்பிடுவது. கடைசியில் கர்மம் செய்தவர் "திருப்தியா?" என்று கேட்பார், ஒத்தன் "திருப்தி" என்பார். அந்தச் சொல்லோடு செத்தவருக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள சாப்பாட்டுக் கணக்கு தீர்ந்தது. ஒத்தன் எழுந்து திரும்பிப் பாராமல் போவார், அவர் முதுகை யாரும் பார்க்க மாட்டார்கள். ஊருக்கு அவர் வேண்டும், அவர் முகம் வேண்டாம். இது என்னய்யா நியாயம் என்று கேட்க எனக்கும் வாய் துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் வீட்டிலும் ஒரு பதினோராம் நாள் வராமலா போய்விடும்?

கல்யாணராமனுக்கு அதில் ஒரு பயமும் இருந்ததில்லை. யாருக்காகச் சாப்பிட்டாலும் ஏப்பம் ஒன்றுதான் என்பார். மஹேஷுக்குச் சாப்பிடும்வரை.

கரமனையில் ஆற்றையொட்டிய தெருவில் மஹேஷின் வீடு. நாற்பது வயதில் தொண்டையில் கட்டி வந்து, பல மாதம் ஒரு பருக்கை உள்ளே இறங்காமல், மூக்கில் விட்ட குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீரில் கிடந்து செத்தவன். நல்ல சாப்பாட்டு ரசிகன். கடைசி நாட்களில் அவன் கேட்டதெல்லாம், மனைவி பத்மப்ரியா தன் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது ஒன்றுதான். அவள் விழுங்குகிற ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டே கிடப்பானாம். இதெல்லாம் கல்யாணராமனுக்குப் பின்னால் தெரியவந்த சங்கதி.

பதினோராம் நாள் அவர் இலையில் உட்கார்ந்தார். பெங்களூரிலிருந்து வந்த தம்பி கர்மம் செய்தான். முதல் கவளம் உள்ளே போனதுமே ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. சாப்பிடச் சாப்பிடப் பசி குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போயிற்று. "இன்னும் கொஞ்சம் சாதம்" என்றார். போட்டார்கள். மறுபடியும் கேட்டார். வடை தீர்ந்தது, பாயசம் தீர்ந்தது, கடைசியில் சமையற்காரர் பானையைச் சாய்த்தே காட்டிவிட்டார். மந்திரம் சொல்லிவைத்த வாத்தியார், முடித்துவையும் என்று கண்ணாலே சொன்னார். தம்பி கேட்டான். கல்யாணராமன் வயிற்றில் நெருப்பை வைத்துக்கொண்டு "திருப்தி" என்றார்.

அன்றைக்குப் பிடித்த பசி நாலு வருஷமாக விடவில்லை. சக்கை என்கிற பலாப்பழத்தைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவர், அதை வெல்லத்தில் கிண்டிவைத்த சக்க வரட்டிப் பாட்டிலை விரலால் வழித்து நக்கினார். அதைக்கூட வாலாம்பாள் சிரித்துத் தள்ளினாள். ஆனால் அவள் சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்து, அவள் தொண்டையில் சோறு இறங்குவதையே இமைக்காமல் பார்க்க ஆரம்பித்ததும் அவள் சிரிப்பு நின்றது. இப்போதெல்லாம் அவள் அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரவும் மறுநாளும் கல்யாணராமன் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார். ஸ்லீவ் என்றால், வயிற்றில் குடிவந்துவிட்ட மஹேஷை, பசியோடு ஒருமுறை எரிந்தவனை, பசியோடு மறுபடியும் எரிப்பது. பைபாஸ் என்றால், உயிரோடு உள்ளே வைத்து அடைத்து, சோறு பக்கத்தில் போகிற சத்தம் மட்டும் கேட்கவிடுவது. அந்தக் கட்டிலில் கிடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பொறுக்க முடியாமல் வாலாம்பாளிடம் சொல்லிவிட்டார். அவள் பேயும் இல்லை பூதமும் இல்லை என்று சொல்லவில்லை, அதுவே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டாக்டர் சொன்னதைப் பண்ணிக்கோங்கோ" என்றாள். "ராத்திரி உங்க மூச்சு நிக்கறப்போ, திரும்ப வருமோ வராதோன்னு முழிச்சுண்டு கிடக்கறது நானாக்கும்."

மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று அவருக்குத் தோன்றியது சனிக்கிழமை காலையில். ஒருமுறை, ஒரே ஒருமுறை, நிஜமாகவே வயிறு நிறையப் போட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைப் பொய்யில்லாமல் சொல்லிவிட்டால் அவன் போய்விட மாட்டானா? பிறகு எந்த வயிற்றை வெட்டினால் என்ன, எதை அடைத்தால் என்ன.

ஒத்தன் இருந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்கக் கூடாது என்பார்கள். கல்யாணராமன் பஸ் பிடித்துக் கரமனையில் இறங்கி, வெயிலில் மூச்சு வாங்க நடந்து போய் மிதித்தார். பத்மப்ரியா கதவைத் திறந்தாள். அலுவலகத்துக்கு விடுமுறை, தலையைக்கூட வாரியிருக்கவில்லை. சாப்பாடு வேண்டும் என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இலை போட்டாள்.

உலையில் அரிசி வேகிற நேரத்தில் கல்யாணராமன் எல்லாவற்றையும் சொன்னார். சாய்த்த பானையை, சொன்ன பொய்யை, ரப்பர் வயிறுகள் இரண்டை. அவள் கேட்டுக்கொண்டே அப்பளம் பொரித்தாள். சாதம், மொளகூட்டல், அப்பளம், உப்பிலிட்ட மாங்காய் என்று பரிமாறினாள். யாரும் கேட்காமலே அலமாரியிலிருந்து சக்க வரட்டியை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தாள். கல்யாணராமனின் கை அப்பளத்தை எடுத்து, உடைக்காமல், சக்க வரட்டியின்மேல் மூடிவைத்தது. அப்படி ஒரு பழக்கம் அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை. "அவர் இப்படித்தான் மூடிவைப்பார்" என்றாள் பத்மப்ரியா.

அவர் சாப்பிட்டார். அவள் இரண்டாம் உலை வைத்தாள், அதையும் சாப்பிட்டார். கடைசியில் அப்பளத்தை உடைத்துச் சக்க வரட்டியோடு வாயில் போட்டதும், பொங்குகிற பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி அந்தப் பசி மெல்ல அடங்கியது. நாலு வருஷத்தில் முதல் தடவை. கல்யாணராமனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இனி அவள் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் கேட்கவில்லை. கரண்டியும் கையுமாக நின்றாள்.

"கேளும்மா" என்றார்.

"மாட்டேன். கேட்டா போயிடுவார்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இடது விலாவுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் தெறிக்க நின்ற வயிற்றைப் பார்த்துப் பேசினாள்.

"வெட்டி எடுக்கறது வேண்டாம், மாமா. மத்ததைப் பண்ணிக்கோங்கோ. அவர் பாட்டுக்கு அங்கயே இருக்கட்டும்."

படபடவென்று கோபம் வந்தது அவருக்கு. என் வயிறு என்ன உன் வீட்டு மச்சா, வேண்டாததையும் விடமுடியாததையும் ஏற்றிவைக்க? கேட்டுவிடத்தான் நினைத்தார். ஆனால் எதிரே கிடந்த வெறுங்கட்டிலையும், அதைப் பார்த்தபடி போட்டிருந்த ஒற்றை நாற்காலியையும் கண்டதும் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கையை அலம்பிக்கொண்டு இறங்கினார். பஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் பசி மறுபடி தலையெடுத்துவிட்டது.

திங்கட்கிழமை பைபாஸ் என்று சொன்னார். வாலாம்பாளுக்கு நிம்மதி, டாக்டருக்குச் சந்தோஷம். நெஞ்செரிச்சலுக்காக என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எரித்தால் எரித்ததுதான், அடைத்த கதவு என்றால் ஒருநாள் திறக்கலாம், அவளும் ஒருநாள் மனம் வந்து கேட்பாள் என்று அவர் நினைத்தது அவருக்கு மட்டும் தெரியும்.

ஒரு வருஷத்துக்குள் ஆள் பாதியானார். சர்க்கரை இறங்கியது. ராத்திரி மூச்சு சீராக வந்தது, வாலாம்பாள் கல்யாணமான புதிதில் தூங்கியதுபோலத் தூங்கினாள். ஒரு சின்னக் கிண்ணம் சாதத்துக்குமேல் அவருக்கு இறங்கவில்லை. கிண்ணச் சாதம் சாப்பிடுகிறவரை யார் ஒத்தன் இருக்கக் கூப்பிடுவார்கள்? தெருவில் ஜனங்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார்கள்.

வாய்க்குப் பசியில்லை. ஆனால் விலாவுக்குக் கீழே, எதுவும் வந்து சேராத அந்த இடத்தில், ஒன்று விழித்துக்கொண்டிருந்தது. அடுக்களையில் வாலாம்பாள் சாப்பிட உட்கார்ந்தால் அது அந்தப் பக்கம் திரும்பும். திரும்புவது அவருக்குத் தெரியும்.

மஹேஷின் திவசம் கழிந்த மறுநாள் பத்மப்ரியா கூப்பிட்டனுப்பினாள். கட்டில் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. நாற்காலியும் இல்லை. பெங்களூருக்கு மாற்றல் வாங்கிவிட்டதாகவும், போவதற்குமுன் செய்ய வேண்டியதைச் செய்துவிடப் போவதாகவும் சொன்னாள். தன் ஆசைக்காகப் புருஷனைப் பசியோடு அடைத்துவைத்தது பாவம் என்று தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய பானை நிறைய வடித்திருந்தாள். வடை, பாயசம், சக்க வரட்டி எல்லாம் இருந்தது.

கல்யாணராமன் தன்னால் ஆனமட்டும் சாப்பிட்டார். நாலாவது கவளம் கழுத்தில் நின்றது. ஒரு வாய் பாயசத்துக்கு உடம்பெல்லாம் வியர்த்து நெஞ்சு அடித்துக்கொண்டது. இலை நிறையச் சாதம் கிடக்க, கையை எடுத்துவிட்டார். கீழே, அடைத்த இடத்தில், ஒன்றும் போய்ச் சேரவில்லை.

பத்மப்ரியா கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் கூப்பி, தெளிந்த குரலில் கேட்டாள்.

"திருப்தியா?"

சொல்ல வேண்டிய சொல் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஒரு தடவை சொன்ன பொய்தானே, இன்னொரு தடவை சொன்னால் என்ன? இந்தப் பெண் நிம்மதியாகப் பெங்களூருக்குப் போவாள். கல்யாணராமன் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் சாதம்" என்றது வாய்.

அவர் போகவில்லை என்று தெரிந்ததும் பத்மப்ரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இதோ, இதோ என்று உள்ளே ஓடிப் பானையோடு எடுத்துவந்து, அவர் இலையில் போட்டுக்கொண்டே இருந்தாள்.