லீலாரத்னவின் முதுகு

விமானப்படையின் பிரமுகர் ஹெலிகொப்டர் படையணியின் வரலாற்றுப் புத்தகத்துக்காக மேசை நிறையப் பரப்பியிருந்த படங்களில் வொரன்ட் ஒபிசர் லீலாரத்ன தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இரத்மலானைத் தளத்தில் இருபத்திரண்டு வருடம். அமைச்சர்களும் தூதுவர்களும் ஹெலிகொப்டரிலிருந்து சிரித்தபடி இறங்கினார்கள். ஓரத்தில் இரு கைகளையும் விரித்தபடி ஒரு முதுகு. எல்லாப் படத்திலும் அதே முதுகு.

வேலை அப்படி. பிரமுகர்களுக்குக் கூட்டத்தைக் கண்டால் திசை மறந்துவிடும். சுழல்கிற வால் விசிறிப் பக்கம் அவர்கள் போய்விடாமல் கைவிரித்து மறிக்க ஓர் ஆள் வேண்டும். கைவிரித்து விரித்தே சட்டையின் அக்குள் கிழிந்துபோகும். மாதம் ஒருமுறை அதைத் தைப்பது மனைவி குசுமாவதியின் வேலை.

"அங்க அப்படி என்னத்தக் கிழிக்கிறீங்க?" என்பாள். படத்தைக் காட்டினால், "இது யாருட முதுகோ, எனக்கென்ன தெரியும்? என்ட தங்கச்சி புருசன் பஸ் ஓட்டுறவர், அவர்ட முகமாவது பேப்பர்ல வந்திச்சு."

அடுத்த மாதம் ஓய்வு. புத்தகத்தில் ஒரு முகம், அவ்வளவுதான் கேட்டார். புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்த விங் கமாண்டர் எகொடகே மனம் இரங்கினார். "கடைசிப் பறப்புல கெமராவப் பார்த்து ஒருக்காச் சிரிங்க லீலே. ஒரு செக்கன்தான்."

அனுராதபுரத்துப் பள்ளி மைதானத்தில் அமைச்சர் இறங்கினார். புகைப்படக்காரன் கையசைத்தான். லீலாரத்ன வாழ்நாளில் முதல்முறையாகத் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அதே நேரம் காற்றில் பறந்த தன் சால்வையைப் பிடிக்க அமைச்சர் நேராக வாலை நோக்கி ஓடினார்.

புகைப்படக்காரனின் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் லீலாரத்னவுக்கு உறைத்தது. சிரிப்பை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்தார். அமைச்சரை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். சால்வை விசிறியில் பட்டுப் பஞ்சாய்ப் பறந்தது.

"விடுங்க ஐசே! சனம் பார்க்குது!" அமைச்சர் காலை உதைத்தார்.

"விசிறி நிக்கட்டும் சேர், விடுறேன்."

எகொடகே தன் புத்தகத்தின் முதல் வாக்கியத்தை அன்று ஒருமுறை பயத்தோடு வாசித்துப் பார்த்தார்: 'எங்கள் பிரமுகர் எவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.' நல்லவேளை, அதை அடிக்க வேண்டியிருக்கவில்லை.

புத்தகம் வந்தது. அட்டையிலேயே அந்தப் படம்: அகன்ற முதுகு, அதற்குக் கீழே நிலத்தில் படாத இரண்டு வெள்ளைச் செருப்புகள். படக்குறிப்பு: 'மாண்புமிகு அமைச்சருக்கு அன்பான வரவேற்பு.'

லீலாரத்னவுக்கு அழுகை வந்தது. "திரும்பவும் முதுகுதான்" என்று புத்தகத்தை மேசையில் போட்டார்.

குசுமாவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அந்தக் கடைசிப் பறப்புக்கு முன் நீல நூல் தீர்ந்துபோய், அவர் சட்டையைச் சிவப்பு நூலால் தைத்திருந்தாள். அட்டையில் அக்குளோரம் அந்தச் சிவப்புத் தையல், பாதி பிரிந்து, பளிச்சென்று தெரிந்தது. அவள் அதன்மேல் விரலை வைத்தாள். பிறகு தொலைபேசியை எடுத்துத் தங்கையின் இலக்கத்தை அழுத்தத் தொடங்கினாள், விரலை அங்கிருந்து எடுக்காமலேயே.