ஆறாச்சு

அடுப்பில் பால் பொங்குவதைக்கூட நான் இப்படிக் கண்கொட்டாமல் பார்த்ததில்லை. மத்தியானத்திலிருந்து ஆய்வுக்கூடத்தில் ஒரு பேட்டரி செல்லுக்குக் காவல் இருந்தேன்.

டிபன் டப்பா அளவுள்ள அந்தச் செல்லைச் சூடாக்கி, தெர்மோகோல் உறை போட்டு, உறைபனிப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். மாலை ஆறு மணிவரை, செல்லோடு இணைத்த வெப்பமானியின் ஊசி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கள் பேச்சில் ‘ஆறியாச்சு’. உறை தேறவில்லை என்று அர்த்தம். தேறினால் இந்தக் குளிருக்கே லடாக் போய்விடும். அங்கேதான் என் வீட்டுக்காரர் வயர்லெஸ் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். போன குளிரில் செல் விறைத்துப்போய் அவர்கள் ராணுவ முகாமே பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. இங்கே டெல்லியில், மோதி பாக் குவார்ட்டர்ஸில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

“கொஞ்சம் கண்ணை மூடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்றான் அந்தோணி, என்னோடு வேலை பார்ப்பவன்.

“மூடுனா நீ டீக்கு ஓடிருவே. உன்னைத் தெரியாதா?”

சொன்ன வாயோடு நானே தூங்கிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே டெல்லி மூடுபனி. அது மெல்ல உள்ளே வந்து மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் வெள்ளையாக்கிற்று. அந்த வெள்ளைக்குள் அவர் நின்றார். நான் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர். போனைக் காதில் வைத்து ஏதோ சொல்கிறார், வாய் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. கொஞ்சம் உரக்கப் பேசுங்களேன் என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார். அப்போதுதான் அந்தக் குரல்.

“ஆறியாச்சு அக்கா!”

எனக்கு உயிரே போய்விட்டது. “பாவி! வாயில ஒரு நல்ல வார்த்தை வராதா உனக்கு? எப்போடா ஆறிச்சு?”

அந்தோணி திருதிருவென்று விழித்தான். “ஐயோ, ஆறியாச்சுன்னு யார் சொன்னா? ஆறாச்சுன்னேன்! மணி ஆறாச்சு. செல்லு ஆறல அக்கா, ஊசியைப் பாருங்க.”

ஊசி பூஜ்யத்துக்கு மேலே இரண்டு கோடு தள்ளி நின்றது. நம்பாமல் பெட்டியைத் திறந்து செல்லை எடுத்தேன். குழாய்த் தண்ணீர் போலச் சில்லென்று இருந்ததே தவிர, விறைக்கவில்லை. பல்பை மாட்டினேன், எரிந்தது.

“அச்சா! இப்ப டீக்குப் போகலாமா?” என்றான்.

“போடா, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா” என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் அங்கே பேசப்போவது எதுவும் என் காதுக்கு வராது. யாருக்கோ கேட்கும். கேட்டால் போதும்.