மூன்றாம் தறிக்கு மேலே ஓர் ஒட்டு

காலை பத்து மணிக்குத் தறி செட் வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் போனில் மூன்றே வார்த்தைதான் பேசினார். "ஒழுகுது. வந்து பாரு."

முத்திருளன் மனைவி முனீஸ்வரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பரவையிலிருந்து செல்லூருக்கு விரட்டினான். பதினெட்டு வருடம் அடுத்தவன் கீழே தார் காய்ச்சி, ஓடு பதித்து மாடி ஒழுகலை அடைத்தவன். மொட்டை மாடியில் ரப்பர் ஷீட் விரித்து ஒட்டும் வேலையைச் சொந்தமாகப் பிடித்தது இதுதான் முதல் தடவை. இது ஒழுகினால் செல்லூரில் இன்னொருத்தன் கூப்பிடமாட்டான். பழையபடி தார்ச் சட்டிதான்.

நேற்றுச் சாயங்காலம்தான் வடிகுழாய்களைத் துணிப்பந்தால் அடைத்து, ஷீட்டுக்கு மேல் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டியிருந்தார்கள். ஒரு நாள் நின்றும் சொட்டு இறங்காவிட்டால் வேலை தேறிவிட்டது.

கீழே செட்டில் ஐந்து தறி ஓட, மூன்றாவது மட்டும் நின்றுகிடந்தது. சுவரோரம் கூரையிலிருந்து சொட்டி, தறியில் ஏற்றிய பாவு நூல் நனைந்திருந்தது.

"கஞ்சி போன இழை, குறுக்க ஓடுற நாடாவுக்குத் தாங்குமா? அம்புட்டும் அறுந்து போகும்," என்றார் பாய். "சித்திரை வெயில்லயும் இந்த மூலை சொட்டுச்சு. அதுக்குத்தானப்பா உன்னைக் கூப்புட்டேன்."

அந்த மூலைக்கு நேர் மேலேதான், ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில், முத்திருளன் முதல் நாள் போட்ட ஒட்டு. அன்றைக்கு விடிகாலை, ஷீட்டில் பனி ஈரம். வெயில் ஏறுமுன் முடிக்கும் அவசரத்தில், துடைக்காமல், பசை காய்ந்ததா என்று விரல் வைத்துக்கூடப் பார்க்காமல் ஒட்டிவிட்டான். முனீஸ்வரி டீ வாங்கப் போயிருந்தாள். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

"பாய், ரெண்டு கை செவப்புச் சாயம் குடுங்க," என்றாள் முனீஸ்வரி. கல்யாணத்துக்கு முன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவள். "மேல தண்ணியில கலக்கிவிடுவோம். செவப்பாச் சொட்டுனா எங்க வேலை சரியில்ல. வெள்ளையாச் சொட்டுனா வேற எங்கயோ கோளாறு."

முத்திருளன் அவளை முறைத்தான்.

"என்னய்யா முறைக்குற? வேலைய ஒழுங்காத்தான செஞ்சோம்?"

மாடித் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது. கீழே சொட்டு விழும் இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தார்கள். காங்கிரீட்டுக்குள் தங்கிய பழைய தண்ணீர் வடிந்து தீரவேண்டுமே. பன்னிரண்டானது, இரண்டானது. பாய் பரோட்டா வாங்கித் தந்தார்; முத்திருளன் பொட்டலத்தைப் பிரிக்காமல் துண்டையே பார்த்திருந்தான். மூன்றரைக்குத் துண்டு நன்றாக நனைந்திருந்தது. பாய் அதை வெயிலில் தூக்கிப் பிடித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இவ்வளவு நேரமும் செவக்கலயே," என்று அண்ணாந்து பார்த்தவர், மாடியில் அந்தப் பக்கம் நிற்கும் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வர, தானே மேலே போய் அதன் வால்வை மூடினார். அரை மணியில் சொட்டு நின்றது. தொட்டியிலிருந்து சுவருக்குள் இறங்கும் குழாயில்தான் விரிசல்.

"அட அல்லா. மழையே இல்லாத சித்திரையில சொட்டுதுன்னு நானே சொல்லிக்கிட்டு, மூணு வருசமா மாடியைத் திட்டியிருக்கேனே."

"மாடி கோவிச்சுக்காது பாய். எங்களைத் திட்டாம விட்டீங்களே, அது போதும்," என்றாள் முனீஸ்வரி.

முத்திருளன் தறிக்கட்டையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தான்.

மாடிக்கு ஏறித் துணிப்பந்தைப் பிடுங்கினார்கள். தண்ணீர் வடிந்து தீர்ந்ததும் முத்திருளன் அந்த ஒட்டைத் துடைத்துக் காயவிட்டு, மேலே போட ஒரு பட்டை ரப்பரை வெட்டினான்.

"அதான் ஒழுகலையே, பெறகு எதுக்குப்பா?" என்றார் பாய்.

"அன்னைக்குப் பனி ஈரத்தோட ஒட்டிப்புட்டேன் பாய். இன்னைக்குத் தாங்கிருச்சு. ஐப்பசி மழைக்குத் தாங்குமான்னு தெரியாது."

முனீஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் காலையில இருந்து பேதி கண்டவன் மாதிரி இருந்தியா?"

பாய் சிரித்துவிட்டார். முத்திருளனும் சிரித்தான். பசையைத் தடவிவிட்டுக் குந்தி, விரலால் தொட்டுப் பார்த்தான். பசை நூலாக இழுத்தது. இன்னும் காயவில்லை. காத்திருந்தான். மறுபடி தொட்டபோது விரல் சுத்தமாக வந்தது. பட்டையை ஒட்டின்மேல் படிய வைத்தான்.

"அழுத்துற உருளையக் கொண்டா," என்றான் முனீஸ்வரியிடம்.