ஐம்பத்துநான்கு முதுகுகள்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. சீட்டுக்கட்டு, பகடை, சதுரங்கக் காய் எல்லாம் செய்கிற ஒரு பழைய கம்பெனி தன் நூறாவது ஆண்டுக்கு ஒரு மலர் போட நினைத்தது. வரலாறு எழுதித் தர என்னைக் கூப்பிட்டார்கள். பழைய தாள்கள் நிறைந்த தகரப்பெட்டி ஒன்றையும், ஓய்வுபெற்ற பைண்டர் ஒருவரையும் என் பொறுப்பில் விட்டார்கள். பெட்டி பேசவில்லை, பைண்டர் நிறுத்தவில்லை.

நான் எழுதிப்பார்த்த முதல் வரிகள்:

நூறு ஆண்டுகளுக்கு முன், மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்த ஓர் அச்சுக்காரர், ஒரு மழைநாளில் வேலையின்றி

(நிறுத்திவிட்டேன். எல்லா மலரும் இப்படித்தான் தொடங்கும். மழை நானாகப் பெய்வித்தது.)

நான்கு ராஜாக்கள் இருந்தும் ஒரு பிடி மண்கூட ஆளாத

(இது கெட்டிக்காரத்தனம். கெட்டிக்காரத்தனம் சீக்கிரம் புளித்துவிடும்.)

ஒரு சீட்டு என்பது ஒரு தாள் அல்ல. இரண்டு தாள், நடுவில் கறுப்புப் பசை.

இதை விட்டுவைத்திருக்கிறேன். விளக்குக்கு எதிரே பிடித்தாலும் எதிராளிக்கு உங்கள் சீட்டு தெரியாமல் இருப்பது அந்தக் கறுப்புப் பசையால்தான். எத்தனை ஆண்டுகளாகச் சீட்டைக் கையில் பிடித்திருக்கிறேன்! அதற்குள் இப்படி ஓர் இருட்டை யாரோ உட்கார்ந்து பூசியிருக்கிறார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

2

பெட்டியின் அடியில் ஒரு விசாரணைக் குறிப்பு கிடந்தது. தட்டச்சில் நான்கு பக்கம். படித்து முடித்தபோது மலர் என் கையைவிட்டுப் போயிருந்தது. இந்தக் கதை வந்து உட்கார்ந்திருந்தது.

நிறுவனரின் மகன் முதலாளியாக இருந்த காலம். பார்வைக் கூடத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். வெட்டி, முனை உருட்டி, மெருகேறி வரும் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கறை, கிழிசல், மங்கல் இருந்தால் ஒதுக்குவது அவள் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக அதே நாற்காலி, அதே வடக்குப் பார்த்த ஜன்னல். எல்லாரும் அவளை ‘எக்ஸ்ரே அக்கா’ என்றார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் ஒரு முறைகூடச் சீட்டு ஆடியதில்லை.

[இங்கே அவளுக்கு ஒரு சோகமான கணவனைக் கொடுத்து ஒரு பத்தி எழுதினேன், சீட்டாடி வீட்டை அழித்தவன். பைண்டரிடம் படித்துக் காட்டினேன். “அந்த மனுசன் மிட்டாய்க் கடையில பொட்டலம் கட்டிக்கிட்டு சிவனேன்னு இருந்தாரு. அவரை ஏங்க கெடுக்கிறீங்க?” என்றார். பத்தியை எடுத்துவிட்டேன்.]

3

ஒரு நாள் காலையில் கம்பெனி வாசலில் ஒரு தையல்காரர் வந்து நின்றார். மறுநாளும் நின்றார். பதினோரு நாள் நின்றார்.

ஊரின் பெரிய சீட்டாட்ட மன்றத்தில் அவரைச் சீட்டுத் திருடன் என்று சொல்லி வெளியே அனுப்பியிருந்தார்கள். எதிராளி கையில் இஸ்பேட் ஏஸ் இருக்கிறது என்று தெரிந்தவர்போல மூன்று முறை ஆட்டத்தை மாற்றினாராம். நகத்தால் குறி வைத்திருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. செய்தி கடைத்தெருவுக்கு வந்தது. அளவெடுக்கக் கை நீட்டினால் ஜனங்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

“நான் எதையும் கீறலைங்க. உங்க சீட்டே அப்படித்தான் வருது,” என்பதுதான் வாசலில் நின்று அவர் சொன்ன ஒரே வாக்கியம்.

பன்னிரண்டாம் நாள் முதலாளி அவரை உள்ளே அழைத்தார். மன்றச் செயலாளரையும் வரச்சொன்னார். பார்வைக் கூடத்து மேசையில், சண்டைக்குக் காரணமான கட்டு வைக்கப்பட்டது. ஃபோர்மேன் எக்ஸ்ரே அக்காவைக் கூப்பிட்டார்.

(இனி வருவதில் பேச்சு பெரும்பாலும் குறிப்பில் இருப்பது. அவள் மனசுக்குள் நடந்ததெல்லாம் என் கைச்சரக்கு.)

4

ஐந்து பேர், அன்று இளைஞராக இருந்த பைண்டரும் சேர்த்து, தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டை எடுத்தாள்.

“நகக் கீறல் இருக்கா பாரும்மா,” என்றார் முதலாளி.

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்தாள். “இல்லீங்க. கை அழுக்குதான் இருக்கு.”

“அப்ப பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? அதை இவங்ககிட்ட சொல்லு.”

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. வேடிக்கைக்குக் கேட்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். வேடிக்கை இல்லை.

“ஒரே மாதிரியா? அது எப்படிங்க இருக்கும்? இது டைமன் ஏழு. இது கிளாவர் ராஜா. இது ஆட்டின் ரெண்டு. இந்தக் கொடி நுனியில புள்ளி இல்லை பாருங்க, இது இஸ்பேட் ஏஸ்.”

எல்லாம் குப்புற இருந்த சீட்டுகள். செயலாளர் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். டைமன் ஏழு. கிளாவர் ராஜா. ஆட்டின் இரண்டு. இஸ்பேட் ஏஸ்.

“இந்தக் கட்டை முன்னாடியே பார்த்து வச்சிருப்பாங்க,” என்றார் செயலாளர். அலமாரியிலிருந்து தானே ஒரு புதுக்கட்டை எடுத்து, உறையைக் கிழித்து, கலைத்து, குப்புற விரித்தார்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவசரமில்லை, பெருமையில்லை, தெருவில் போகிறவர்களை இன்னார் இன்னார் என்று சொல்வதுபோல. “இது ஜோக்கர்,” என்றபோது யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். ஐம்பத்துநான்கு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அப்ப யாரோ மெஷினை நிறுத்திட்டாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது,” என்றார் பைண்டர்.

விஷயம் எளிமையானது. பெரிய தாளில் ஐம்பத்துநான்கு சீட்டும் ஒன்றாக அச்சாகும். பின்பக்க அச்சுத் தகட்டில் செதுக்கிய ஐம்பத்துநான்கு கொடிக்கோலங்களில் எதுவும் இன்னொன்றைப் போல இல்லை, மயிரிழை வித்தியாசம். அந்தந்த இடத்துச் சீட்டுக்கு எப்போதும் அந்தந்த முதுகு. ஒரு தகட்டை மனப்பாடம் செய்தால் கம்பெனி அடித்த எல்லாக் கட்டும் திறந்த புத்தகம். தையல்காரர் கண் மூன்று சீட்டைப் பிடித்திருந்தது. “நூல் பிசகினா தெரியற கண்ணுங்க. தெரிஞ்சதை எப்படித் தெரியாததாக்கறது?” என்றார் அவர்.

முதலாளி மெதுவாகக் கேட்டார்: “பத்தொம்பது வருசமா ஏம்மா சொல்லலை?”

“எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேங்க.”

“தெரிஞ்சா அப்புறம் எப்படிம்மா ஆடுவாங்க?”

அவள் குரல் இறங்கியது. “தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கறதுதான் ஆட்டம்னு நெனச்சேன். ஒரு மரியாதைக்கு.”

இந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இரண்டு ஆண்டு யோசித்தாலும் இதை என்னால் எழுதியிருக்க முடியாது. உலகத்தில் சீட்டாடும் அத்தனை பேரும் ஒருவர் கையை ஒருவர் அறிந்தும், முகம் கோணாமல், தெரியாதவர்களாக நடந்துகொள்ளும் பெருந்தன்மைக்காரர்கள் என்று பத்தொன்பது ஆண்டு ஒருத்தி நம்பியிருக்கிறாள்!

5

இந்த இடத்தில் முதலாளியை நான் நம்பவில்லை. என் முதல் வரைவில் அவர் ஃபோர்மேன் பேச்சைக் கேட்டார். ஃபோர்மேன் காதோடு சொன்னது இது: “இவ சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுங்க. தையக்காரன் நாலு நாள் கத்துவான், அடங்கிடுவான். இல்லைன்னா கம்பெனி பேரே போச்சு.”

முதலாளிகள் அதைத்தானே செய்வார்கள்? அப்படியே எழுதி, அவளை வாசலுக்கு வெளியே

(வேண்டாம். நடந்தது வேறு.)

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தாள் கேட்டார். தன் கைப்பட எழுதினார்: குறை எங்கள் தகட்டில், இவர் எதையும் கீறவில்லை, கடைகளில் இருக்கும் எங்கள் கட்டுகள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கடிதம் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. செயலாளர் தையல்காரரிடம் கை நீட்டினார். அவர் பற்றிக்கொள்ளச் சற்று நேரமானது. மறுநாள் பட்டப்பகலில், கடைத்தெருவே பார்க்க, முதலாளி அந்தத் தையல்கடை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஒரு கோட்டுக்கு அளவு. தையல்காரர் நாடாவை எடுத்தவர், தோளை மட்டும் மூன்று தரம் அளந்தாராம்.

இன்றுவரை என் கற்பனையைவிட நல்லவராகவே நிற்கிறார் அந்த மனிதர். எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

6

அதன்பிறகு ஒவ்வோர் அச்சுக்கும் சீட்டுகளின் இடத்தை மாற்றி அடித்தார்கள். முதல் புதுக்கட்டு அவள் மேசைக்கு வந்தது. குப்புறக் கிடந்த ஒன்றை எடுத்தாள். பார்த்தாள். முதுகு தெரிந்த முதுகுதான், உள்ளே எந்தச் சீட்டு என்று தெரியவில்லை. திருப்பினாள்.

“அய்யோ!” என்று அவள் கத்தியதில் பக்கத்து மேசைக்காரி ஓடிவந்தாள். கையில் சாதாரண டைமன் ஏழு. அவள் இன்னொன்றைத் திருப்பினாள், இன்னொன்றை. அன்று மதியம் வரை வேலையே நடக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சாப்பாட்டு வேளையில் பைண்டரும் இன்னும் இருவரும் அவளுக்கு ரம்மி கற்றுக்கொடுத்தார்கள்.

“மூணு ஆட்டமும் தோத்துச்சு. தோத்ததுக்கு அப்படிச் சிரிச்ச ஆளை நான் பார்த்ததில்லை,” என்றார் பைண்டர்.

கதையை இங்கே முடித்திருக்கலாம். முடித்தும் வைத்திருந்தேன்.

7

அவள் உயிரோடு இருக்கிறாள் என்று போன மாதம் தெரிந்தது. போனேன். மாடி வீடு, துணி காயும் கம்பி, நெளிந்த மேசை. மேசையில் கட்டு.

“எழுதறவரா? உக்காருங்க. ஒரு ஆட்டம் போட்டுக்கிட்டே பேசலாம்.”

கம்பெனிக் கட்டுதான். அட்டை பழுத்து, ஓரம் மழுங்கி, பல ஆண்டு அவள் கையிலேயே ஆடிய கட்டு. பங்கு போடுவதற்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினாள். என் சீட்டுகளின் முதுகுகள் அவள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் என் முகத்தை மட்டுமே பார்த்தாள்.

கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அக்கா, இந்தக் கட்டும் உங்களுக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவு வரவில்லை.)

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவளுக்கு ஒன்றும் தெரியாது, வயதான கண், சிரித்துச் சிரித்துத் தோற்கிறாள். மற்றொன்றில் எல்லாம் தெரியும். விருந்தாளிக்கு மரியாதை செய்கிறாள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். எதைப் படித்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. ஆகவே எதையும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். எனக்கு ஒரே ஒரு சீட்டு தேவைப்பட்டது: கிளாவர் ஒன்பது. அவள் தன் கையிலிருந்து ஒன்றை உருவி, கொஞ்சம் யோசித்து, என் முன்னால் இறக்கினாள். கிளாவர் ஒன்பது.

“எடுங்க, உங்க ஆட்டம்,” என்றாள்.

எடுத்தேன். ஜெயித்தேன். ஜெயித்தேனா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.