தொழுவத்துச் சத்தியம்

சாலைக் கடைத்தெருவின் அரிசி மண்டி ஒன்றில் கணக்கெழுதி வந்த பகவதிப்பெருமாள் பிள்ளை, கடன் கொடுக்க ஒருபோதும் காகிதம் கேட்டதில்லை. கைநாட்டும் சாட்சியும் அவருக்கு வேண்டாம். கேட்டு வந்தவரைத் தம் வீட்டுத் தொழுவத்துக்கு அழைத்துப் போவார். அங்கே நிற்கும் சிவப்புப் பசுவின் நெற்றியில் கைவைத்து, "கடன் தீராமல் கண்ணை மூடினால் இந்தத் தொழுவத்தில் பிறந்து தீர்ப்பேன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன கையோடு பத்தோ பதினைந்தோ கிடைத்துவிடும். வட்டி, மாதம் ரூபாய்க்கு ஓரணா.

சத்தியத்துக்கு முன்னால் ஒரு கதையும் உண்டு. உப்பு வண்டிக்காரன் ஒருவனிடம் ஒரு காளை இருந்ததாம். அதட்ட வேண்டாம், தார்க்குச்சி வேண்டாம், தானே இழுக்கும். ஒருநாள் தோவாளை தாண்டியதும், வண்டி நிறைய உப்பு இருக்க, ஆலமரத்தடியில் படுத்தது, பிறகு எழவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுத வண்டிக்காரனிடம் அவ்வழியே வந்த பண்டாரம் சொன்னார்: "போன பிறவியில் உன்னிடம் வாங்கிய கடனை இந்த மைல்கல்லோடு அடைத்துவிட்டான், அடைத்ததும் புறப்பட்டுவிட்டான். கொடுத்தவன் மறந்தாலும், மன்னித்தே விட்டாலும், கணக்கு மறக்காதப்பா."

இந்தக் கதை எந்தப் புராணத்திலும் இல்லை. பாதி கேட்டது, பாதி பிள்ளை கட்டியது. ஆனால் அது பெட்டிச் சாவியைவிடப் பத்திரமாகப் பணத்தைக் காத்தது. பதினோரு வருடத்தில் ஒருவர்கூட ஏமாற்றவில்லை. கருவாடு விற்கும் எலிசாளிடம் மட்டும் அது செல்லவில்லை. "எங்க வேதத்துல ஒரே பிறவிதான் பிள்ளைவாள்" என்றாள் அவள். அப்படியானால் பித்தளைக் குடத்தை வைத்துவிட்டுப் போ என்றார் பிள்ளை. "இன்னொரு பிறவி இருந்திருந்தா எனக்குக் குடம் மிச்சம்" என்று அவள் கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

வட்டிக் காசில் ஒரு பங்கைக் கோயில் விளக்குக்கு எண்ணெயாகக் கொடுத்துவந்தார் பிள்ளை. மற்றவர்கள் ரூபாய்க்கு இரண்டணா வாங்கும் தெருவில் தாம் ஓரணா வாங்குவதே ஒரு தருமம் என்று அவர் மனம் குளிர்ந்திருந்தது.

பழைய சக்கரக் காசு செல்லாமற்போய் அணா வந்த இரண்டாம் வருடம், ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில், வாழையிலை விற்கும் பகவதி தொழுவத்துக்கு வந்தாள். பதினைந்து ரூபாய் வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. உடம்பு நெருப்பாய்ச் சுட, பற்கள் கிடுகிடுக்க, இன்னும் ஒரு மாதம் தவணை வேண்டுமென்று கேட்டாள். பிள்ளை பசுவுக்குப் பிண்ணாக்கு கலக்கிக்கொண்டிருந்தார். வேடிக்கையாக ஒரு வார்த்தை சொன்னார்.

"பணமாத் தந்தா வாங்கிக்கிடுவேன். இல்லேன்னா பாலாத் தா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பகவதி சிரிக்கவில்லை. நிறைசினையாய் நின்ற பசுவைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாயைக் கல்தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள். எட்டாம் நாள் இறந்துபோனாள்.

செய்தி மண்டிக்கு வந்தபோது பிள்ளை நோட்டைப் பிரித்தார். சிறுகச் சிறுகக் கட்டியது போக முதலில் பாக்கி பதினோரு ரூபாய். அதைத் தள்ளிவிட முடிவு செய்து, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். புண்ணியக் கணக்கில் ஒரு வரவு என்று அப்போது தோன்றியது. பகவதியின் பதினாறாம் நாள் காரியத்தன்று சிவப்புப் பசு கன்று போட்டது. கிடாரி, நெற்றியில் சந்தனம் இட்டாற்போல ஒரு வெள்ளைப் பொட்டு.

மறுநாள் விடியலில் தொழுவத்து வாசலில் புல்லுக்கட்டோடு நின்றிருந்தவன் தங்கப்பன். பகவதியின் புருஷன், கைவண்டி இழுக்கிறவன். உள்ளே வரலாமா என்று கேட்டான். கன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து அந்தப் பொட்டையே பார்த்தான். போகும்போது மடியிலிருந்து நாலணாவை எடுத்து நீட்டினான்.

பிள்ளைக்கு விஷயம் விளங்கியபோது கை கூசியது. கடனைத் தள்ளிவிட்டேன், ஒரு காசும் வேண்டாம் என்றார்.

"நீங்க தள்ளினா அவ போக முடியாதல்லே, பிள்ளைவாள்? மன்னிச்சாலும் கணக்கு மறக்காதுன்னு நீங்கதானே சொல்லித் தந்தது. சாகக்குள்ளயும் அதையேதான் சொன்னா. வைத்தியசாலை மருந்துக்கு நான் கொடுத்த ரெண்டு ரூபாயையும் இங்கயே கொண்டு வச்சாளே, பாக்கி குறையட்டும்னு."

பிள்ளை கல்தொட்டியின் விளிம்பைப் பார்த்தார். அன்று அந்த இரண்டு ரூபாயை ஈரம் துடைத்துப் பெட்டியில் போட்டது நினைவுக்கு வந்தது.

அன்றுமுதல் தினமும் ஒரு கட்டுப் புல், ஒரு நாலணா. அந்த நாலணா அவனுடைய மத்தியானக் கஞ்சி என்பது பிள்ளைக்கு மண்டியிலிருந்தே தெரிந்தது. மற்றக் கூலியாட்கள் உண்ணப் போகும் நேரத்தில் தங்கப்பன் வண்டி நிழலில் படுத்திருப்பான். இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் பிள்ளைக்குச் சோறு இறங்க மறுத்தது. ஒருநாள் அவனைப் பிடித்து நிறுத்தி, எல்லாம் நானே கட்டிய பொய், பண்டாரமும் இல்லை காளையும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். தங்கப்பன் அவரை இரக்கத்தோடு பார்த்தான். என் கஷ்டத்தைக் கண்டு பெரியவர்கள் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனான். பதினோரு வருடம் சொல்லிச் சொல்லி உண்மையாக்கிய பொய், ஒரு நாளில் திரும்பப் பொய்யாகுமா?

மனைவி வடிவாம்பாள் பால் கறப்பதை நிறுத்தியிருந்தாள். "கதையை அவுத்து விட்டுட்டீங்க. இனி நீங்க கூப்பிட்டா அது தொழுவத்துக்குத் திரும்பாது" என்றாள்.

குடத்தை மீட்க வந்த எலிசாள், தங்கப்பன் காசு வைப்பதைப் பார்த்தாள். இம்முறை அவள் சிரிக்கவில்லை. "எனக்குப் போனா குடம் மட்டுந்தான் போயிருக்கும் பிள்ளைவாள். செத்த பொறகும் ஆளை விடாத கடன் உங்க கடன்தான்."

நாற்பத்துநான்காம் நாள் கடைசி நாலணா, பதினோரு ரூபாயும் நிறைந்தது. அன்று தங்கப்பன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி வந்தான். காசை வைத்துவிட்டு, கன்றின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெயில் ஏறியது. அவன் எழுந்திருக்கவில்லை. அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்பது பிள்ளைக்குச் சட்டென்று புரிந்தது. கடன் தீர்ந்ததும் காளை ஆலமரத்தடியில் படுத்துவிட்டதல்லவா? பெண்டாட்டியை இரண்டாம் முறை வழியனுப்ப அவன் வந்திருக்கிறான்.

உச்சிவேளையில் கன்று துள்ளி எழுந்து தாய்மடியை முட்டியது. தங்கப்பனின் முகம் வாடியது.

"இன்னும் பாக்கி உண்டு போல. வட்டியை விட்டுப்போட்டேன் அல்லே? நாளைக்கும் கொண்டு வாறேன்."

நாளைக்கு, அதற்கு மறுநாள், கன்று சாகும்வரை. அல்லது அவன் சாகும்வரை. தாம் கட்டிய கதைக்கு வெளியே போகும் வாசலைத் தாம் வைக்கவே இல்லை என்று பிள்ளை கண்டார். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். எதையாவது சொல்லி அவனை அனுப்பிவிட வேண்டும் என்றுதான் பிரித்தார். ஆனால் பகவதியின் பக்கத்தைக் கூட்டக் கூட்ட, தொகை வேறொன்றைச் சொன்னது.

"முதல் பதினஞ்சும் வந்தாச்சு, தங்கப்பா. அதுக்கு மேல வட்டின்னு பன்னிரண்டு ரூபாய் அவகிட்ட வாங்கியிருக்கேன். நான் அவளுக்கு என்ன செஞ்சேன், பன்னிரண்டு ரூபாய்க்கு? அவ கடன் தீர்க்க வரல்லே. என்கிட்ட வசூல் பண்ண வந்திருக்கா. அதுதான் போகாம நிக்கா."

தங்கப்பன் கன்றைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். அப்படியும் இருக்குமா என்று மெல்லக் கேட்டான். இருக்கும் என்றார் பிள்ளை. அவனைத் தேற்றச் சொன்ன வார்த்தை, வாயைவிட்டு வந்தபின் தம்மையே பார்த்து நிற்பதை அவர் உணர்ந்தார். நோட்டில் அப்படியொரு பக்கம் மட்டுமா இருந்தது? எத்தனை கை அந்தப் பசுவின் நெற்றியைத் தொட்டிருக்கும்!

கன்றை மட்டும் கொடுத்தால் பால் இல்லாமல் சாகும். கட்டுத்தறியிலிருந்து பசுவையும் அவிழ்த்தார். வடிவாம்பாள் தடுக்கவில்லை, பிண்ணாக்குச் சாக்கையும் எடுத்து வெளியே வைத்தாள். கயிற்றைக் கொடுக்குமுன் பிள்ளை பசுவின் நெற்றியில் கைவைத்தார். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த சத்தியம் தமக்கு வரும்போது நாக்கு எழவில்லை. திக்கித் திக்கிச் சொன்னார்: கடன் தீராமல் கண்ணை மூடினால் தங்கப்பன் தொழுவத்தில் பிறந்து தீர்ப்பேன்.

தங்கப்பன் பதறிப்போய் அவர் கையை விலக்கினான். "வேண்டாம் பிள்ளைவாள், அப்பிடிச் சொல்லப்பிடாது. எனக்கு ஏது தொழுவம்? ஒண்ணு கெட்டணும்னா அதுக்கும் கடனல்லே வாங்கணும்."

அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை. கிள்ளியாற்றங்கரைக் குடிசைக்குப் பசு முன்னால் நடந்தது. கன்று அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு போனது. பிண்ணாக்குச் சாக்கைத் தோளில் சுமந்து, சாலைக் கடைத்தெரு முழுதும் பார்த்திருக்க, பிள்ளை அவர்களுக்குப் பின்னால் நடந்தார்.