அறுபத்தோராம் நிமிடத்துக்குப் பிறகு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல்லரோச் சந்தையில், மீன்காரன் செதில் சுரண்டி முடிக்கும்வரை நின்ற நேரத்தில் அகஸ்ரின் சொன்னது. மன்னார்க்காரன். இத்தாலியின் பலெர்மோவில் பதினொரு வருடமாக ஒரே வீட்டில் ஒரே கிழவரைப் பார்த்துக்கொள்கிறவன். "நீங்கள் எழுதுறனீங்கள்தானே. இதையும் எழுதுங்கோ" என்றான்.

மூன்று வசனம் சொன்னான். கிழவர் கலோஜெரோவுக்குக் கண் தெரியாது. அவருக்காக அவன் ஒரு பெரிய சர்வதேச றக்பி ஆட்டம் பார்க்கப் போனான். போன இடத்தில் நித்திரையாகிவிட்டான். பிறகு மீனை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். மிச்சத்தில் கொஞ்சம் பின்னர் அவன் மனைவி றோசமலர் சொன்னது, கொஞ்சம் என் சோடனை.

இன்னொரு குற்றமும் உண்டு. நான் வாழ்நாளில் ஒரு றக்பி ஆட்டமும் பார்த்ததில்லை.

2

தொடக்கங்கள்.

"அரங்கம் அலைகடலாய் ஆர்ப்பரித்த அந்த" (வேண்டாம். முப்பதாயிரம் பேர் என்றதும் பேனா தானாகக் கடலுக்குப் போய்விடுகிறது.)

"றக்பியில் பந்தைக் கையால் பின்பக்கம்தான் எறியலாம். புலம்பெயர்ந்தவன் வாழ்க்கையும்" (இதையும் வெட்டினேன். வரும் என்று தெரிந்து கதவைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். ஜன்னலால் வந்துவிட்டது.)

அகஸ்ரினுக்குக் களைப்பாக இருந்தது. (இது இருக்கட்டும்.)

3

கலோஜெரோ இளமையில் றக்பி ஆடியவர். கண் போன பிறகு, ரீவியில் ஆட்டம் வந்தால் அகஸ்ரின் பக்கத்தில் இருந்து நடப்பதைச் சொல்லவேண்டும். அவனுக்கோ அந்த ஆட்டத்தின் சொற்கள் எந்த மொழியிலும் தெரியாது. முதல்நாள், பதினாறு பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து தள்ளுவதைப் பார்த்துவிட்டு, "சின்யோரே, பெருநாளுக்கு மாதாச் சுருவம் தூக்குறவை மாதிரி நிக்கினம். ஆனால் சுருவத்தைக் காணேல்லை" என்றான். கிழவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, முதுகைத் தடவித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வேறு ஒருவர் வாயாலும் அவர் ஆட்டம் கேட்டதில்லை.

(அவர்கள் பேசியது இத்தாலியன். எனக்கு வந்துசேர்ந்தது மன்னார்த் தமிழ். வந்தபடியே போடுகிறேன்.)

இந்த வருடம் அப்படியொரு ஆட்டம் ஊருக்கே வந்தது.*

* உண்மையில் வரவில்லை. எங்கோ வடக்கில் நடந்ததை நான் இங்கே இழுத்து வந்தேன். களைத்த மனுசனை ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் ஏற்ற மனம் வரவில்லை. எதிரணியின் பெயரையும் சொல்லமாட்டேன். சொன்னால் ஃபோனில் தேடிப் பார்த்துவிடுவீர்கள்.

கிழவர் ஒரு டிக்கெற் எடுப்பித்தார். "நீ போ, அகொஸ்தீனோ. ரீவி பொய் சொல்லும். ஆக்கள் மோதுற சத்தம் எப்பிடி, புல்லு மணக்குதோ, எல்லாத்தையும் கொண்டு வா. நீ வந்து சொல்லுமட்டும் எனக்கு ஆட்டம் நடக்கேல்லை."

அடுத்த ஆட்டம்வரை அவர் இருக்கமாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அது அகஸ்ரினுக்குத் தெரியும். கிழவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

எங்கள் சனம் லீவு கேட்பதில்லை, பதிலுக்கு ஆள் வைக்கும். அகஸ்ரின் றோசமலரை வைத்துவிட்டுப் போனான்.

4

அவன் கொண்டுவர நினைத்தவை:

சத்தம். ரீவியில் 'தொப்' என்று கேட்பது நேரில் மாட்டிறைச்சிக் கடைப் பலகையில் தொடை விழுவதுபோல் கேட்டது. குனிந்து தள்ளியவர்களின் முதுகிலிருந்து ஆவி பறந்தது. இரண்டு நாட்டு ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள், நடுவே பொலிஸ் இல்லை. பக்கத்தில் எதிரணிச் சட்டை போட்ட தடித்த மனிதர் தன் பாணில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். இரண்டு கம்பத்துக்கு நடுவால் ஒருவன் பந்தை உதைக்கப் போனதும் அரங்கமே வாயை மூடியது. அந்த அமைதியைக் கிழவருக்கு எப்படிச் சொல்வது என்று அவன் இத்தாலியனில் சொல் தேடினான்.

தேடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டாம் பாதியில், மணிக்கூடு அறுபத்தொன்று காட்டியது.

5

பதினொரு வருடமாக அவனை யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் இருந்ததில்லை. மூத்திரச் சட்டி, தலையணை, மருந்து, "அகொஸ்தீனோ." இங்கே முப்பதாயிரம் பேர் கத்தினார்கள், ஒருவர்கூட அவன் பெயரைக் கத்தவில்லை. வெயில் முகத்தில் விழுந்தது. நித்திரை வராமல் என்ன செய்யும்?

கண் விழித்தபோது தடித்த மனிதர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில் ஒரு ட்ரை, பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தால் ஐந்து புள்ளி. இத்தாலி இரண்டு புள்ளியால் வென்றிருந்தது. "எப்பிடி விழுந்தது?" என்று கேட்டான். பகிடி என்று நினைத்து அவர் அழுகைக்குள் சிரித்தார்.

பஸ்ஸில் ஃபோனில் அந்த வீடியோத் துண்டைப் பார்த்தான். நாற்பது விநாடி. ஒருவன் ஓடினான், கோட்டைத் தாண்டி விழுந்தான். மூன்றுதரம் பார்த்தும் சத்தமும் இல்லை, மணமும் இல்லை. ரீவி.

6

கதவைத் திறந்த றோசமலர் குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்சேருங்கோ, மனுசன் ரேடியோ போட விடேல்லை. மேல்வீட்டுக்காரர் கத்தினவுடனை ரெண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தவர், குழந்தைப்பிள்ளை மாதிரி."

"நான் நித்திரையாப் போனன்."

அவள் கிழவரின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஆரிட்டைச் சொன்னனீங்கள்?"

"உன்னட்டைத்தான்."

"அப்ப என்னோடை நிக்கட்டும். கை காலைக் கழுவிப்போட்டு உள்ளை போங்கோ."

கிழவர் நிமிர்ந்து இருந்தார். சவரம் செய்வித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். அவன் கதிரையை இழுத்ததும் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அகஸ்ரின் முதலிலிருந்து சொன்னான். ஆவியை, பாணை, உதைக்கு முந்திய அமைதியை. அறுபத்தோராம் நிமிடம் வந்தது. அவன் நிறுத்தினான்.

7

முடிவு அ: ட்ரையை இட்டுக்கட்டுகிறான். (கிழவருடையது ஆடின கால். பொய் ஓட்டத்தை மோப்பம் பிடித்துவிடும்.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறான். கிழவர், "உன்ரை நித்திரையை நான்தானே திண்டனான்" என்று (இது நான் அவனுக்குக் கொடுக்க ஆசைப்படும் முடிவு. நான் யார் கொடுக்க?)

முடிவு இ: கிழவர் அதற்குள் நித்திரையாகிவிட்டார். (கதாசிரியனின் களவு. வெட்கமாக இருக்கிறது.)

8

மீன்கடைப் பேச்சு நடந்து ஒரு மாதம் கழித்து, தெருச் சுவரில் கலோஜெரோவின் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும், அன்று அறைக்குள் என்ன நடந்தது என்று றோசமலரைக் கேட்டேன்.

"நான் குசினியிலை சமைச்சுக்கொண்டு நிண்டனான்," என்றாள். "கன நேரம் ஒரு சத்தமுமில்லை. பிறகு ஒராள் சிரிச்ச சத்தம் கேட்டது. ஆரெண்டு தெரியேல்லை."

அகஸ்ரின் கோயில் வாசலில்தான் நின்றான். கேட்டிருக்கலாம். தூங்கி எழுந்த முகமாகவே இல்லை, வேலை போன பிறகும் நித்திரை வருவதில்லை போலும். கேட்க மனம் வரவில்லை.

என்னிடமும் கேட்காதீர்கள், நான் அரங்கிலும் இருக்கவில்லை, அந்த அறையிலும் இருக்கவில்லை. அகஸ்ரினின் கதிரை இனி உங்களுக்கு. கிழவரின் கை இப்போது உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது, நாடி துடிப்பது அவருக்குத் தெரியும். பின்னேரம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தவர் முகத்தை உங்கள் பக்கம் திருப்பி, மெதுவாகக் கேட்கிறார்:

"பிறகு?"